வினையூக்கி விளைச்சலைக் கூட்டுமா? மீள்வினைச் சமநிலை பற்றி ஓர் ஐயம்

இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் கற்பிப்பதற்கான பயிற்சியில் இருக்கிறேன். வேதிச் சமநிலைப் பாடத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். வினையூக்கி சமநிலையை மாற்றாது, முன்னோக்கிய வினையையும் பின்னோக்கிய வினையையும் ஒரே மடங்கில் விரைவுபடுத்தும் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. அதே நூல்களில் சில பக்கங்கள் தள்ளி, ஹேபர் முறையில் இரும்பும் தொடு முறையில் வனேடியம் பென்டாக்சைடும் இல்லாமல் அம்மோனியாவோ கந்தக அமிலமோ போதிய அளவில் கிடைக்காது என்று எழுதியிருக்கிறது. சமநிலையை மாற்றாத ஒரு பொருள் விளைச்சலுக்கு இவ்வளவு இன்றியமையாததாக இருப்பது எப்படி?

இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. முன்னோக்கிய வினையின் தடையை மட்டும் குறைத்து, பின்னோக்கிய வினையை அப்படியே விட்டுவிடும் வினையூக்கி ஒன்று ஏன் இருக்க முடியாது? 'ஒரே மடங்கில்' என்பது இதுவரை கண்டறிந்த வினையூக்கிகளைப் பார்த்துச் சொன்ன பட்டறிவா, அல்லது மீறவே முடியாத விதியா? மாணவர் ஒருவர் இதைக் கேட்டால், அப்படித்தான் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி: வேதியியல் ஆசிரியர்

இரண்டாவது கேள்விதான் ஆணிவேர் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். அது மீற முடியாத விதி. ஏன் என்பதை இரண்டு வழிகளில் காட்டலாம்.

முதல் வழி, தடை என்ற சொல்லைக் கூர்ந்து பார்ப்பது. ஹைட்ரஜன் அயோடைடு சிதைந்து ஹைட்ரஜனும் அயோடினும் உருவாகும் மீள்வினையை எடுத்துக்கொள்ளுங்கள். வினையூக்கி இல்லாதபோது சிதைவின் கிளர்வு ஆற்றல், அதாவது வினை தாண்ட வேண்டிய தடை, மோலுக்கு ஏறத்தாழ 184 கிலோஜூல். பொன்னின் பரப்பில் அது சுமார் 105 ஆகவும், பிளாட்டினத்தின் பரப்பில் சுமார் 59 ஆகவும் குறைகிறது. எதிர்த்திசையில் ஹைட்ரஜனும் அயோடின் ஆவியும் சேர்வதற்கான தடை இதைவிட 10 முதல் 13 கிலோஜூல் வரை குறைவு. அந்த இடைவெளி வினைபடுபொருள்களுக்கும் விளைபொருள்களுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடேயாகும். பொன்னோ பிளாட்டினமோ அந்த இரு பொருள்களின் ஆற்றலைத் தொடுவதில்லை. அவை தொடுவது நடுவில் உள்ள உச்சியை மட்டும்தான். உச்சி ஒன்றாக இருக்கும்போது, அது 79 கிலோஜூல் இறங்கினால் இரு பக்கத்திலிருந்து வருபவர்களுக்கும் 79 கிலோஜூல்தான் இறங்கியிருக்கும். ஒரு பக்கத்துக்கு மட்டும் இறங்கிய உச்சி என்பது சொல்லளவில்கூடப் பொருளற்றது.

வேகத்தில் இதன் விளைவு மிகப் பெரியது. அறை வெப்பநிலையில் தடை 5.7 கிலோஜூல் குறைந்தால், மற்றவை மாறாத நிலையில், வேகம் 10 மடங்காகும். 34 கிலோஜூல் குறைந்தால் 10 லட்சம் மடங்கு. முன்னோக்கிய வேக மாறிலியைப் பின்னோக்கிய வேக மாறிலியால் வகுத்தால் கிடைப்பதே சமநிலை மாறிலி. பின்னத்தின் மேலும் கீழும் அதே 10 லட்சம் வந்து சேர்வதால் ஈவு மாறாமல் நிற்கிறது.

ஆனால் உண்மையான வினையூக்கிகளில் பெரும்பாலானவை ஒரே உச்சியோடு முடிவதில்லை, பரப்பில் ஒட்டுவது, உடைவது, இணைவது, விடுபடுவது என்று பல படிகள் இருக்கின்றன, அங்கே இந்த வாதம் போதுமா என்று கூர்மையான மாணவர் கேட்கக்கூடும். அதற்கு இரண்டாவது வழி உதவும். உந்து தண்டு பொருத்திய ஓர் உருளைக்குள் நைட்ரஜன், ஹைட்ரஜன், அம்மோனியா மூன்றும் ஒரே வெப்பநிலையில் சமநிலையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு சிறு பெட்டியில் வினையூக்கி இருக்கிறது. பெட்டியின் மூடியைத் திறக்கவும் மூடவும் முடியும். வினையூக்கி சமநிலையை அம்மோனியாப் பக்கம் நகர்த்தும் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். மூடியைத் திறந்தால், மாறும் ஒவ்வொரு 4 மோல் வாயுவும் 2 மோல் அம்மோனியாவாகச் சுருங்கும். தண்டு உள்ளே வரும். மூடினால் பழைய சமநிலைக்குத் திரும்பி வாயு விரியும்; தண்டு வெளியே போகும். இப்படித் திறந்து மூடிக்கொண்டே இருந்தால், ஒரே வெப்பநிலையில் உள்ள சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முடிவில்லாமல் வேலை செய்யும் எந்திரம் கிடைத்துவிடும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதை அனுமதிப்பதில்லை. வினையூக்கியின் உள்ளே எத்தனை படிகள் இருந்தாலும், அது உலோகமானாலும் நொதியானாலும் இந்த வாதம் அப்படியே செல்லும். அதனாலேயே முதலாவதைவிட இது எனக்கு நெருக்கமானது.

மறுமொழி: ஆய்வகப் பொறுப்பாளர்

ஆசிரியர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. இருந்தாலும் ஆய்வக மேசையில் கண்ட ஒன்றை இங்கே வைக்காமல் இருக்க முடியவில்லை. அசிட்டிக் அமிலத்தையும் எத்தனாலையும் சம மோலில் கலந்து எத்தில் அசிட்டேட் தயாரிக்கும்போது, சில துளி அடர் கந்தக அமிலம் சேர்த்தால் ஒரு விளைச்சலும், தாராளமாகச் சேர்த்தால் அதைவிடக் கூடுதல் விளைச்சலும் கிடைக்கின்றன. போதிய நேரம் காத்திருந்த பிறகும் இந்த வேறுபாடு மறைவதில்லை. கந்தக அமிலம் இந்த வினையின் வினையூக்கி என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். அப்படியானால் வினையூக்கியின் அளவு சமநிலையை மாற்றிவிட்டதே?

மறுமொழி: வேதியியல் ஆசிரியர்

இந்த உதாரணத்தை நீங்கள் கொண்டுவந்ததில் மகிழ்ச்சி, ஏனெனில் வகுப்பில் குழப்பம் விளைவது பெரும்பாலும் இங்கேதான். சில துளி கந்தக அமிலம் ஹைட்ரஜன் அயனியைத் தந்து வினையை விரைவுபடுத்திவிட்டு ஒதுங்கி நிற்கிறது. அதையே தாராளமாக ஊற்றினால் அது இரண்டாவது வேலை ஒன்றையும் எடுத்துக்கொள்கிறது: விளைபொருளான நீரைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. நீர் குறைந்தால் சமநிலை எஸ்டர் (இங்கே எத்தில் அசிட்டேட்) பக்கம் நகர்வது, சமநிலையைக் குலைத்தால் அது அந்தக் குலைவை ஈடுசெய்யும் பக்கம் நகரும் என்னும் லே சாட்லியர் தத்துவத்தின்படி இயல்பான செயல். அந்த நகர்வு கந்தக அமிலம் நீர்நீக்கியாகச் செய்த வேலை. வினையூக்கியாகச் செய்தது அன்று. ஒரே குப்பியிலிருந்து ஊற்றிய ஒரே திரவம் இரண்டு பணிகளைச் செய்யும்போது, அவற்றுக்கு ஒரே பெயர் வைத்து எழுதுவது நம் பக்கத்துப் பிழை. நீரை நாடாத வேறொரு வலிய அமிலத்தை மிகச் சிறிய அளவில் வைத்துச் செய்து பார்த்தால் வேறுபாடு தெரியும்.

இந்த வினைக்கு வரலாற்றிலும் தனி இடம் உண்டு. பெர்த்தலோவும் பியான் த சென்-ழீலும் 1862-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு மோல் அமிலமும் ஒரு மோல் ஆல்கஹாலும் எவ்வளவு காலம் விட்டுவைத்தாலும் மூன்றில் இரண்டு பங்கு எஸ்டரானதும் நின்றுவிடுவதைக் கண்டார்கள். மூன்றில் இரண்டின் வர்க்கத்தை மூன்றில் ஒன்றின் வர்க்கத்தால் வகுத்தால் 4 வரும். இன்றும் நாம் வகுப்பறையில் பயன்படுத்தும் சமநிலை மாறிலி அதுதான். வினையின் வேகம் பொருள்களின் செறிவைப் பொறுத்தது என்னும் நிறைதாக்க விதியைக் குல்பர்கும் வாகேயும் 1864-இல் வகுக்க இத்தகைய அளவீடுகள்தான் வழி திறந்தன.

தொடக்கப் பதிவர் ஆய்வக வசதி உள்ளவரானால், ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். சமநிலையை இரண்டு பக்கத்திலிருந்தும் அணுகிப் பாருங்கள். ஒரு குடுவையில் அமிலமும் ஆல்கஹாலும், இன்னொன்றில் எஸ்டரும் நீரும், இரண்டிலும் ஒரே அளவு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். வினையூக்கி ஒரு திசைக்குச் சார்பானதாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரக் கூடாது.

மறுமொழி: கந்தக அமில ஆலைப் பொறியாளர்

முதல் கேள்விக்கு இன்னும் நேரடியான விடை வரவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் பணியாற்றும் துறையில், வினையூக்கி சமநிலையை மாற்றாது என்பது தேர்வுக்குப் படிக்கும் வரியாக இல்லாமல், வெப்பமானியில் தினமும் கண்ணால் காணும் செய்தியாக இருக்கிறது.

சல்பர் டைஆக்சைடும் ஆக்சிஜனும் சேர்ந்து சல்பர் டிரைஆக்சைடு ஆவது வெப்ப உமிழ் வினை. வாயு ஏறத்தாழ 420 டிகிரி செல்சியஸில் முதல் வினையூக்கிப் படுகைக்குள் நுழைகிறது. வினை நடக்க நடக்க வாயு தானே சூடேறி, படுகையின் அடியில் 600 டிகிரியை ஒட்டி வெளியேறுகிறது. அதற்குள் சல்பர் டைஆக்சைடில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு அளவில் மாறியிருக்கும். அதற்கு மேல் மாறாது. அந்த வெப்பநிலையில் சமநிலை அங்கேதான் இருக்கிறது. படுகை நல்ல நிலையில் இருந்தால் அதன் கீழ்ப்பகுதியில் அடுத்தடுத்த வெப்பமானிகள் ஒரே அளவைக் காட்டும். அந்த இடத்தைத் தாண்டியுள்ள வினையூக்கி முழுவதும் அந்த நேரத்தில் சும்மா இருக்கிறது என்று பொருள். அங்கே இன்னும் ஒரு மடங்கு வினையூக்கியைக் கொட்டினாலும் வெளியேறும் வாயுவில் ஒரு டிகிரிகூட ஏறாது, மாறும் அளவும் அதிகரிக்காது.

ஆகவே நாங்கள் வாயுவை வெளியே எடுத்துக் குளிர்வித்து, மீண்டும் 430, 440 டிகிரி அளவில் இரண்டாவது படுகைக்கு அனுப்புகிறோம். வெப்ப உமிழ் வினை என்பதால், குளிர்ந்ததும் சமநிலை வலப்பக்கம், அதாவது சல்பர் டிரைஆக்சைடு பக்கம், நகர்ந்துவிடுகிறது; வினையூக்கி அங்கே விரைந்து கொண்டுசேர்க்கிறது. இப்படி மூன்று படுகைகளைத் தாண்டியபின், இடையில் உருவான சல்பர் டிரைஆக்சைடை அடர் கந்தக அமிலத்தில் உறிஞ்சி நீக்கிவிட்டு, மீதி வாயுவை நான்காவது படுகைக்கு விடுகிறோம். விளைபொருளை நீக்கியதால் சமநிலை மறுபடி நகர்கிறது, முடிவில் 99.5 விழுக்காட்டுக்கு மேல் மாறிவிடுகிறது. சமநிலையை நகர்த்தியவை குளிர்விப்பும் உறிஞ்சலும் மட்டுமே.

அப்படியானால் வினையூக்கியால் என்ன பயன் என்ற கேள்விக்கு வருகிறேன். வினையூக்கி இல்லாவிட்டால் 430 டிகிரியில் இந்த வினை நடப்பதாகவே தெரியாது. வேகத்துக்காக வெப்பநிலையை மிக உயர்த்தினால், அங்கே சமநிலை நமக்கு எதிராக இருக்கும். குறைந்த வெப்பநிலையில் சமநிலை நமக்குச் சாதகமாக இருக்கிறது, ஆனால் வேகம் இல்லை. அந்த வேகத்தைத்தான் வினையூக்கி தருகிறது. வனேடியம் வினையூக்கியில் சீசியம் உப்பைச் சேர்ப்பதன் காரணமும் இதுவே: சாதாரண வகை 400 டிகிரிக்குக் கீழே சோர்ந்துவிடும்; சீசியம் சேர்த்தது அதற்குச் சற்றுக் கீழேயும் வேலை செய்யும். அந்தச் சில பத்து டிகிரிகளுக்காகத்தான் கூடுதல் செலவை ஏற்றுக்கொள்கிறோம்.

ஹேபர் முறையிலும் கதை இதுதான். 200 வளிமண்டல அழுத்தத்தில், ஒன்றுக்கு மூன்று என்ற கலவையில், சமநிலையில் அம்மோனியா 400 டிகிரியில் சுமார் 36 விழுக்காடு, 500 டிகிரியில் சுமார் 18, 600 டிகிரியில் சுமார் 8. இரும்பு இந்த எண்களில் ஒன்றைக்கூட மாற்றுவதில்லை. எந்த வெப்பநிலையில் நாம் வேலை செய்ய முடியும் என்பதை அது முடிவு செய்கிறது.

இழையைத் தொடங்கியவர்

பொறியாளர் ஐயாவின் வெப்பமானிகளைப் படித்ததும் என் முதல் கேள்வி தீர்ந்தது. பாடநூல் வரிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வெப்பநிலை என்ற மூன்றாவது வரி இல்லாததால்தான் அவை முரணாகத் தெரிந்தன.

ஆனால் படிக்கும்போதே புதிய ஐயம் ஒன்று எழுந்தது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைத் தாமிரம் அடங்கிய வினையூக்கியின் மேல் அனுப்பினால் மெத்தனால் கிடைக்கிறது. நிக்கலின் மேல் அனுப்பினால் மீத்தேன் கிடைக்கிறது. தொடக்கப் பொருள் ஒன்று. முடிவு வேறு வேறு. வினையூக்கி முடிவை மாற்றுவதாகத்தானே இது காட்டுகிறது?

மறுமொழி: ஆய்வு மாணவர்

முடிவு என்ற சொல்லைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் கலவைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மீள்வினைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சமநிலை மாறிலி உண்டு. மீத்தேன் பக்கம் செல்லும் வினைதான் ஆற்றல் நோக்கில் மிகவும் சாதகமானது. எல்லா வினைகளும் தடையின்றி நடந்தால் கலவையில் மெத்தனால் ஏறத்தாழ எஞ்சாது. தாமிரம் மெத்தனாலுக்கான வழியை மட்டும் திறந்து, மீத்தேனுக்கான வழியை மூடியபடியே விடுகிறது. ஆகவே நாம் காண்பது கலவையின் முழுச் சமநிலை அன்று. திறந்திருக்கும் வினைக்குள் மட்டும் எட்டப்படும் பகுதிச் சமநிலை. அந்த வினைக்குள்ளே, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மெத்தனால் மூன்றுக்கும் இடையிலான விகிதத்தைத் தாமிரம் தீர்மானிப்பதில்லை. மெத்தனால் ஆலைகள் 50 முதல் 100 வளிமண்டல அழுத்தத்தில் இயங்க வேண்டியிருப்பதும், மாறாத வாயுவைச் சுழற்றித் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருப்பதும் அதனால்தான்.

எந்த வினை நடக்கும் என்பதில் வினையூக்கிக்குப் பெரும் பங்கு உண்டு. நடக்கும் வினை எதுவரை நடக்கும் என்பதில் பங்கே இல்லை. இவ்விரண்டையும் வகுப்பில் ஒரே நாளில் சொல்லாமல் விட்டால், கெட்டிக்கார மாணவர்கள்தான் முதலில் குழம்புவார்கள் என்பது என் அனுபவம்.

மறுமொழி: உயிர்வேதியியல் படித்தவர்

உடலுக்குள் இருந்து ஓர் உதாரணம் தருகிறேன். சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி, கார்பன் டைஆக்சைடும் நீரும் சேர்ந்து பைகார்பனேட்டும் ஹைட்ரஜன் அயனியும் ஆவதை விரைவுபடுத்துகிறது. அதன் வேகமான வகை, ஒரு நொடியில் ஒரு நொதி மூலக்கூறுக்கு சுமார் 10 லட்சம் மூலக்கூறுகள் என்ற அளவை எட்டும். திசுக்களில் அது கார்பன் டைஆக்சைடைப் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. அதே சிவப்பணு நுரையீரலை அடைந்ததும், அதே நொதி, எந்த மாற்றமும் இல்லாமல், பைகார்பனேட்டைத் திரும்பக் கார்பன் டைஆக்சைடாக்கி வெளியே அனுப்ப உதவுகிறது. திசையைத் தீர்மானிப்பது கார்பன் டைஆக்சைடின் பகுதி அழுத்தம்: திசுக்களிலிருந்து வரும் இரத்தத்தில் சுமார் 46 மில்லிமீட்டர் பாதரசம், நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளில் சுமார் 40.

ஒரு திசையை மட்டும் விரைவுபடுத்தும் நொதி இருந்திருந்தால், நுரையீரலுக்கென்று வேறொரு நொதி வேண்டியிருக்கும். ஒருவர் ஓய்வாக இருக்கும்போது சிவப்பணு நுரையீரலின் நுண்குழாயைக் கடக்க முக்கால் நொடிதான் ஆகிறது. அந்த முக்கால் நொடிக்குள் பின்னோக்கிய வினை முடிந்தாக வேண்டும் என்பதை நினைக்கும்போது, இரு திசைக்கும் ஒரே மடங்கு என்ற வரி எனக்கு வேறு விதமாகப் புரிகிறது.

இழையைத் தொடங்கியவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

ஆசிரியர் ஐயா சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். மூன்று குடுவைகள். முதலாவதில் சம மோல் அசிட்டிக் அமிலமும் எத்தனாலும். இரண்டாவதில் சம மோல் எத்தில் அசிட்டேட்டும் நீரும். இவ்விரண்டிலும் ஒரே அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூன்றாவது முதலாவதைப் போன்றதே, ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதில் அதில் அடங்கிய அளவு நீர் மட்டும். மூன்றையும் இறுக மூடி, ஒரே நீர்த்தொட்டியில் வைத்தேன்.

இரண்டாவது குடுவை முதலில் என்னை அச்சுறுத்தியது. எஸ்டரும் நீரும் கலக்காமல் இரண்டு அடுக்காக நின்றன. அடிக்கடி குலுக்க வேண்டியிருந்தது. பிறகு, அமிலமும் ஆல்கஹாலும் உள்ளே சேரச் சேர, அடுக்குகளுக்கு இடையே இருந்த கோடு மங்கி, ஒரு நாள் காலையில் காணாமல் போயிருந்தது. குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே தெளிந்த திரவம்.

ஒவ்வொரு முறையும் 1 மில்லிலிட்டர் எடுத்து, பனிக்கட்டி மிதக்கும் நீரில் விட்டு, நிறங்காட்டியான பினால்ப்தலீன் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தேன். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குரிய பங்கைத் தனியே அளந்து கழித்தேன். முடிவுப் புள்ளியில் வந்த இளஞ்சிவப்பு சிறிது நேரத்தில் வெளுத்துவிட்டது. நான் பிழை செய்துவிட்டதாக நினைத்து மேலும் காரம் விட்டு, இரண்டு அளவீடுகளைக் கெடுத்துக்கொண்டேன். எஸ்டரைக் காரம் மெல்ல நீராற்பகுப்பதால் நிறம் வெளுக்கிறது என்று பிறகுதான் விளங்கியது. முதலில் தோன்றும் நிறத்தையே முடிவாகக் கொள்ள வேண்டும்.

முதல் குடுவைக்குத் தேவைப்பட்ட காரத்தின் அளவு நாளுக்கு நாள் இறங்கியது. இரண்டாவதின் அளவு நாளுக்கு நாள் ஏறியது. கடைசி மூன்று அளவீடுகளில் இரண்டும் ஒன்றுக்கொன்று 0.2 மில்லிலிட்டருக்குள் வந்து நின்றுவிட்டன. மூன்றாவது குடுவை மூன்று வாரத்தில் தொடங்கிய இடத்தைவிட்டு மிகச் சிறிதே நகர்ந்திருக்கிறது. வரைபடத்தில் இரண்டு கோடுகள் மேலிருந்தும் கீழிருந்தும் வந்து ஒன்றாகின்றன. மூன்றாவது மேலே கிட்டத்தட்டக் கிடையாகச் செல்கிறது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். மூன்றாவது குடுவையும் ஒரு நாள் அதே இடத்துக்குத்தான் வருமா?

மறுமொழி: வேதியியல் ஆசிரியர்

வரும். பெர்த்தலோ அறை வெப்பநிலையில் விட்டுவைத்த கலவைகள் ஆண்டுக்கணக்கில் நகர்ந்துகொண்டிருந்தன. காத்திருக்க முடியாவிட்டால், மூன்றாவதில் உள்ளதைத் தடித்த கண்ணாடிக் குழாய்களில் அடைத்து உருக்கி மூடி, தகுந்த பாதுகாப்புடன் சூடாக்கலாம்; இந்த வினையின் என்தால்பி மாற்றம், அதாவது வினை வெளிவிடும் அல்லது எடுத்துக்கொள்ளும் வெப்பம், மிகச் சிறியது என்பதால், வெப்பநிலை உயர்ந்தாலும் சமநிலை பெரிதாக இடம் மாறாது, வேகம் மட்டும் கூடும். பெர்த்தலோ செய்ததும் அதுதான்.

இரண்டு பக்கத்திலிருந்தும் அணுகிய உங்கள் முறை பழுத்த முறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மோனியாவின் சமநிலையை 1904, 1905-ஆம் ஆண்டுகளில் ஹேபர் அளந்தபோது, சுமார் 1000 டிகிரியில் இரும்பின் மேல் அம்மோனியாவைச் செலுத்திச் சிதைய விட்டும், நைட்ரஜன், ஹைட்ரஜன் கலவையைச் செலுத்திச் சேர விட்டும், இரு முடிவுகளும் சந்திக்கின்றனவா என்று பார்த்தார். அந்த எண்களைப் பற்றி வேதியியலாளர் நெர்ன்ஸ்ட் 1907-இல் எழுப்பிய மறுப்புதான் அவரை மீண்டும், இம்முறை உயர் அழுத்தத்தில், அளக்க வைத்தது.

மூன்றாவது குடுவையை மட்டும் கொட்டிவிட வேண்டாம். தேதியிட்டு மூடி, தீப்பற்றும் பொருள்களுக்கான பாதுகாப்பு அலமாரியில் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு இதே பாடத்தை நடத்தும்போது, வகுப்பின் முன்னால் அதிலிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்துத் தரம்பாருங்கள்.